உள்ளூர்க்காரருக்கு முதல் இடம்: பதிவு திறக்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

நீச்சல் வகுப்பு, விடுமுறை முகாம், பூப்பந்துப் பயிற்சி என எதுவானாலும் சமூக மையங்களில் இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். "எங்கள் வரிப்பணத்தில் நடக்கும் மையத்தில் எங்கள் பிள்ளைக்கே இடமில்லையா?" என்ற புகார் எழுந்ததும் நிர்வாகம் உடனே செய்வது, உள்ளூர்க்காரர்களுக்குப் பதிவை ஒரு வாரம் முன்னதாகத் திறந்துவிடுவது. அறிவிப்புப் பலகையில் எழுத இது எளிது. யார் உள்ளூர்க்காரர், அதை எப்போது சரிபார்ப்பது, காத்திருப்போர் பட்டியலில் யாருக்கு முன்னால் யார் என்ற மூன்றுக்கும் விடை வைத்துக்கொள்ளாமல் திறந்தால், அந்த ஒரு வாரம் பெயருக்குத்தான் இருக்கும்.

முதல் சிக்கல் எல்லை. பெரும்பாலான மையங்கள் அஞ்சல் குறியீட்டை வைத்து உள்ளூரா வெளியூரா என்று பிரிக்கின்றன. அஞ்சல் குறியீடு தபால் பட்டுவாடா வசதிக்காக வகுக்கப்பட்டது. உள்ளாட்சி எல்லையோடு அது ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. ஒரே குறியீட்டுக்குள் பாதித் தெரு உள்ளே, பாதித் தெரு வெளியே என்று இருக்கும். வரி செலுத்துபவரை வெளியே தள்ளிவிட்டு, செலுத்தாதவரை உள்ளே விட்டால் அடுத்த நாளே சண்டை வரும். சொத்துவரிப் பதிவேட்டிலோ உள்ளாட்சியின் வரைபடத் தரவிலோ உள்ள கதவு எண் பட்டியலோடு முகவரியை ஒப்பிடுவதுதான் சரி. அது கைவசம் இல்லையென்றால், எல்லையோரத் தெருக்களை மட்டுமாவது தனிப் பட்டியலாக எடுத்து வைத்துக் கையால் பார்க்க வேண்டும்.

அடுத்தது, யாருடைய முகவரி? பணம் கட்டுபவருடையதா, வகுப்புக்கு வருபவருடையதா? இதைத் தெளிவாக எழுதாத இடங்களில்தான் முன்னுரிமை ஓசையில்லாமல் ஒழுகிப்போகிறது. உள்ளூரில் இருக்கும் பெரியப்பா தன் கணக்கிலிருந்து வெளியூர்த் தம்பி பிள்ளைகள் மூன்று பேரையும் சேர்த்துவிடுவார். அவர் மேல் தவறில்லை, மென்பொருள் கேட்கவில்லை. 'இவர் உள்ளூர்க்காரர்' என்று மென்பொருளில் போடும் அடையாளமான உள்ளூர்க் குறியீடு குடும்பக் கணக்கின் மேல் இல்லாமல், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு நபரின் மேலும் தனித்தனியாக இருக்க வேண்டும். பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பத்தில் இருவரில் ஒருவர் உள்ளூரில் இருந்தாலே பிள்ளைக்கு உரிமை உண்டு என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்மேசையில் இருப்பவர், காவல் உரிமைத் தீர்ப்பைக் காட்டச் சொல்லும் நிலைக்குப் போய்விடுவார். ஊருக்குள் வீடோ கடையோ வைத்துக்கொண்டு வேறிடத்தில் வசிப்பவருக்கும், ஊருக்குள் வேலை பார்ப்பவருக்கும் என்ன நிலை என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் காரணம் சொல்ல முடியும். முடிவே எடுக்காமல் விட்டால் ஒவ்வொரு ஊழியரும் ஒவ்வொரு பதில் சொல்வார்.

ஆவணமாக மின் கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், வரி ரசீது, முகவரியுள்ள அடையாள அட்டை இவற்றில் ஏதாவது ஒன்று போதும். மூன்று கேட்டால் பாதிக்கப்படுவது ஏமாற்றுபவர்கள் அல்ல. தன் பெயரில் மின் இணைப்பு இல்லாத வாடகைதாரர், மகன் வீட்டில் இருக்கும் முதியவர், போன மாதம் குடிவந்தவர். இவர்களுக்காகப் பள்ளியிலிருந்தோ சமூகப் பணியாளரிடமிருந்தோ பெறும் ஒரு பக்கக் கடிதத்தையும் ஏற்க வேண்டும். குடியுரிமை, விசா விவரங்களைக் கேட்கவே கூடாது. கேள்வி எங்கே வசிக்கிறீர்கள் என்பது மட்டுமே. ஆவணத்தைப் பார்த்துவிட்டு, அதன் வகையையும் பார்த்த தேதியையும் குறித்தால் போதும். நகலைச் சேமிப்பது தேவையில்லாத பாரம்.

சரிபார்ப்பைப் பதிவு நாளன்று வைத்துக்கொள்வதைப் போன்ற தொல்லை வேறில்லை. பதிவு திறப்பதற்கு மூன்று வேலை நாட்கள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். உள்ளூர்க் குறியீட்டின் ஆயுளைப் பன்னிரண்டு மாதமாக வைப்பது வழக்கம். அதிலும் ஒரு பொறி உண்டு: பதிவுக்கு முந்தைய இரவு ஆயுள் முடியும் கணக்குகள் காலையில் வெளியூர்க் கணக்காகிவிடும், தொலைபேசி ஓயாது. எனவே காலாவதித் தேதி, பதிவு நடக்கும் வாரத்துக்குள் விழாதபடி தள்ளி வையுங்கள். முப்பது நாள் முன்பே நினைவூட்டலும் அனுப்புங்கள்.

தேதிகளை வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஆள் சேராத வகுப்பை ரத்து செய்யும் முடிவு, தொடங்குவதற்கு 7 நாள் முன்பு. வெளியூர்ப் பதிவு அதற்கும் 14 நாள் முன்பு, அதாவது தொடக்கத்துக்கு 21 நாள் முன்பு திறக்க வேண்டும். உள்ளூர்ப் பதிவு 28 நாள் முன்பு. இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டு, வெளியூர்க்காரருக்கு இரண்டே நாள் கொடுத்துவிட்டு வகுப்பை ரத்து செய்யும் மையங்கள் உண்டு. பத்து இடமுள்ள வகுப்புக்குக் குறைந்தபட்சம் ஆறு பேர் தேவை, உள்ளூரில் சேர்ந்தது ஐந்து பேர் என்றால், அந்த ஆறாவது வெளியூர்ப் பிள்ளைதான் ஐந்து உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் வகுப்பைக் காப்பாற்றுகிறது.

பழைய மாணவர்களுக்கான முன்பதிவுதான் எல்லாவற்றையும்விடக் குழப்பமானது. பன்னிரண்டு இடமுள்ள வகுப்பில் ஏழு பேர் தொடர்கிறார்கள், அதில் நான்கு பேர் வெளியூர் என்று வையுங்கள். உள்ளூர்ப் பதிவு திறக்கும்போது மிச்சம் ஐந்து இடம்தான். அறிவிப்பு முழு வகுப்பையும் உள்ளூருக்கு முதலில் தருவதாகச் சொல்கிறது. மக்கள் கண்ணில் படுவதோ ஐந்து. நீச்சல், வாத்தியம் போன்ற படிப்படியான பயிற்சியில் தொடர்ச்சி அறுந்தால் கற்றதும் போகும். அதனால் வெளியூர் மாணவருக்கும் அடுத்த ஒரு நிலைக்கு மட்டும் தொடரும் உரிமை கொடுப்பது நியாயம். பொழுதுபோக்குக்காக விளையாடும் பூப்பந்துக்கு அந்தச் சலுகை எதற்கு என்று எனக்குப் புரிவதே இல்லை. எப்படியிருந்தாலும், திறக்கும் நாளில் உண்மையில் எத்தனை இடம் காலி என்பதை வகுப்புவாரியாக முந்தைய நாளே வெளியிடுங்கள்.

திறக்கும் நிமிடத்தில் நடப்பது இதுதான். நாற்பது இடத்துக்கு முந்நூறு பேர் வருகிறார்கள். முதல் நிமிடத்திலேயே எல்லா இடமும் யாரோ ஒருவரின் இணையக் கூடையில், அதாவது பணம் கட்டும்வரை இடத்தைப் பிடித்து வைக்கும் பட்டியலில், போய் உட்கார்ந்துவிடும். கூடையைப் பதினைந்து நிமிடம் வைத்திருக்க மென்பொருள் அனுமதித்தால், பணம் கட்டாமல் விட்ட இடங்கள் பதினாறாவது நிமிடத்தில் திரும்பி வரும். அதற்குள் மற்றவர்கள் மனம் வெறுத்துப் போயிருப்பார்கள். தற்செயலாகப் பக்கத்தைத் திறந்தவருக்கு இடம் கிடைக்கும். கூடை நேரத்தை ஐந்து முதல் ஏழு நிமிடமாகக் குறையுங்கள். திரும்பி வரும் இடம் பொதுப் பக்கத்துக்குப் போகாமல் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும்படி அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய மாலை நான்கு சோதனைக் கணக்குகளால் முயன்று பார்ப்பது அவசியம்: உள்ளூர், வெளியூர், காலாவதியானது, ஒரு பிள்ளை உள்ளூர் ஒரு பிள்ளை வெளியூர் என்ற கலப்புக் குடும்பம். கோளாறு பெரும்பாலும் நான்காவதில்தான் இருக்கும்.

உள்ளூர்க்காரர்களே இடத்தைவிடப் பல மடங்கு இருந்தால், முந்தி வருபவருக்கு என்ற முறை வேகமான இணையத்துக்கும் அந்நேரம் கை ஓய்வாக இருப்பவருக்கும் பரிசு கொடுக்கிறது. ஷிஃப்ட் வேலைக்காரருக்கு உள்ளூர் முன்னுரிமையால் ஒரு பயனும் இல்லை. அங்கே குலுக்கல் நல்லது. மூன்று நாள் விண்ணப்பம் வாங்குங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே குலுக்கல் எண் கொடுங்கள், அக்காவுக்குக் கிடைத்துத் தம்பிக்கு விட்டுப்போகும் நிலை பெருமளவு குறையும். உள்ளூர் விண்ணப்பங்களை முழுக்க ஒதுக்கிவிட்டு மீதியை வெளியூருக்குத் திறங்கள். பணம் கட்ட 48 மணி நேரம் கொடுங்கள். கட்டணச் சலுகை பெறும் குடும்பங்களின் கணக்கில் சலுகை முன்பே ஏறியிருக்க வேண்டும். அன்றைக்கு வந்து படிவம் நிரப்பச் சொன்னால் அவர்களுக்கு இடம் போய்விடும்.

காத்திருப்போர் பட்டியலைப் பற்றி விதிகளில் ஒரு வரிகூட இருக்காது. முதல் நாளே பெயர் கொடுத்த வெளியூர்க்காரரும், இரண்டு வாரம் கழித்து வந்த உள்ளூர்க்காரரும் ஒரே பட்டியலில் இருந்தால் யாரை அழைப்பது? வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்வரை உள்ளூர்க்காரருக்கு முதலிடம், அதன்பின் பெயர் கொடுத்த வரிசை என்பது நடைமுறையில் தாங்கும். அழைப்புக்குப் பதில் சொல்ல 24 மணி நேரம். கடைசி மூன்று நாளில் அதை நான்கு மணி நேரமாக்கி, தொலைபேசியிலும் அழைக்க வேண்டும். மின்னஞ்சல் மட்டும் அனுப்பினால் இடம் காலியாகவே தொடங்கும்.

தேதியால் முன்னுரிமையா, கட்டண வித்தியாசமா என்று யோசிப்பவர்கள் முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய நில, நீர்ப் பாதுகாப்பு நிதியின் (பூங்கா, பொழுதுபோக்கு இடங்களுக்கான மத்திய அரசு நிதி) உதவி பெற்ற இடங்களில், வசிப்பிடத்தை வைத்து முன்பதிவில் சலுகை காட்டக் கூடாது. முன்பதிவுக் காலம் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டணத்தில் நியாயமான வித்தியாசம் வைக்கலாம், ஆனால் வெளியூர்க் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. மையம் கட்டிய காலத்து நிதி ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்காமல் முன்னுரிமை அறிவிக்கக் கூடாது என்பது இதனால்தான். ஜெர்மனியில் 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம், பவேரியாவின் ஒரு நீச்சல் குளத்தில் உள்ளூர்க்காரருக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தைக் குறைத்ததை ஏற்கவில்லை. உள்ளூர்க்காரருக்குச் சலுகையே கூடாது என்று அது சொல்லவில்லை. வசிப்பிடம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது, அதற்கு அப்பால் தக்க நியாயம் ஒன்று வேண்டும் என்றது. சுற்றுலாப் பயணிகளை வரவழைக்கவே நடத்தப்பட்ட குளத்துக்கு அந்த நியாயம் எடுபடவில்லை.

பருவம் முடிந்ததும் வகுப்புவாரியாக நான்கு எண்களை எடுங்கள்: சேர்ந்த உள்ளூர்க்காரர், சேர்ந்த வெளியூர்க்காரர், தொடங்கிய நாளில் பட்டியலில் காத்திருந்த உள்ளூர்க்காரர், காலியாகக் கிடந்த இடம். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே வகுப்பில் சேர்ந்து வந்தால், அந்த வெளியூர்க்காரர் எந்த வழியாக உள்ளே வந்தார் என்று பாருங்கள். தொடரும் மாணவரா, ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டவரா, முன்மேசை ஊழியர் கையால் சேர்த்தவரா? வகுப்பு மாற்றத்துக்கு முன்னுரிமை விதி பொருந்துமா என்பதை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அடுத்த பருவத்துக்கு முன் எழுத வேண்டிய வரி அதுவாகத்தான் இருக்கும்.