கடைசி ஹார்மோன் ஊசிக்குப் பிறகு: டெஸ்டோஸ்டிரோன் எப்போது திரும்பும்?

புராஸ்டேட் கேன்சருக்கு ரேடியேஷனோடு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் ஹார்மோன் ஊசியும் போட்டு முடித்தவர்கள் பலர், அது திரும்பும் தேதிக் கணக்கிலேயே தவறிவிடுகிறார்கள். மூன்று மாத லூப்ரோலைடு ஊசியை ஜனவரியில் போட்டால் அது ஏப்ரல் வரை வேலை செய்யும். பிப்ரவரியில் "நிறுத்தி ஒரு மாசமாச்சே, ஒண்ணும் தெரியலையே" என்று கவலைப்படத் தேவையில்லை. ஏப்ரலிலிருந்துதான் எண்ண வேண்டும்.

ஆறு மாதச் சிகிச்சை என்றால் அதற்குப் பிறகு பலருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். இரண்டு மூன்று வருடம் போட்டவர்களுக்கு இன்னும் இழுக்கும். 70 வயதைத் தாண்டியவர்களிலும், முன்பே அளவு குறைவாக இருந்தவர்களிலும் சிலருக்கு முழுசாகத் திரும்பாமலே போகலாம். ஊசிக்குப் பதில் ரெலுகோலிக்ஸ் மாத்திரை எடுத்தவர்களுக்குச் சீக்கிரம் வரும். 2020-ல் வெளியான ஹீரோ (HERO) என்ற ஆய்வில், நிறுத்திய 90 நாளில் அவர்களில் 54 சதவீதம் பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 280 நானோகிராமுக்கு மேல் ஏறியது. லூப்ரோலைடு போட்டவர்களில் 3 சதவீதம்தான். விதையை அகற்றும் ஆபரேஷன் செய்தவருக்கு இது தானாகத் திரும்பாது.

ரத்தப் பரிசோதனை காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் டிபன் முடித்துவிட்டு மதியம் லேபுக்குப் போனால் அளவு குறைத்துத்தான் காட்டும். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையிலோ தறியிலோ இரவு வேலை பார்ப்பவர், தூங்கி எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. முடி, நகத்துக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் லேபில் சொல்லிவிடுங்கள், சில கருவிகளில் ரிசல்ட் தப்பாக வரும். அலகையும் பாருங்கள்: ஒரு லேபில் 300, இன்னொன்றில் 3 என்றால் இரண்டும் ஒன்றுதான். முன்னது டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம், பின்னது மில்லிலிட்டருக்கு.

கூடவே எல்ஹெச் (விதையை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) பார்க்காமல் அந்த ரிப்போர்ட்டால் பாதிப் பயன்தான். எல்ஹெச்சும் டெஸ்டோஸ்டிரோனும் இரண்டுமே குறைவென்றால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இன்னும் விழிக்கவில்லை, பொறுக்கலாம். எல்ஹெச் ஏறியும் டெஸ்டோஸ்டிரோன் ஏறவில்லையென்றால் தடங்கல் விதையில். காத்திருப்பதால் பெரிய மாற்றம் வராது. புராஸ்டேட் நிலையைக் காட்டும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையையும் அதே நாளில் எடுங்கள். ஆபரேஷன் இல்லாமல் ரேடியேஷன் எடுத்தவருக்குப் புராஸ்டேட் உள்ளேயே இருப்பதால், ஹார்மோன் ஏறும்போது பிஎஸ்ஏவும் கொஞ்சம் ஏறும். அதைப் பார்த்தவுடன் நோய் திரும்பிவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். பிஎஸ்ஏ, டெஸ்டோஸ்டிரோன் இரண்டின் அளவையும் சேர்த்துப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

ஆசை வேறு, விறைப்பு வேறு. ஆசை பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோனோடு திரும்பும். விறைப்புக்கு நரம்பும் ரத்தக் குழாயும் வேண்டும். ஆபரேஷன், ரேடியேஷன், சர்க்கரை மூன்றுமே அவற்றைக் கெடுப்பவை. மாதக்கணக்கில் தூக்கத்தில் விறைப்பே வராமல் இருந்தால் ஆணுறுப்பின் தசைக்கு ஆக்சிஜன் குறைந்து அது இறுகும், நீளமும் குறையும். ஹார்மோன் வரட்டும் என்று சும்மா இருக்காமல், விறைப்புக்கான தடாலாஃபில் மாத்திரை, வாக்குவம் பம்ப் பற்றி யூராலஜிஸ்டிடம் முன்பே கேட்பது அதனால்தான். பம்போடு வரும் ரப்பர் வளையம் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

தடாலாஃபில் வகையைச் சேர்ந்த சில்டெனாஃபில் மாத்திரையை உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். பரோட்டா சால்னாவுக்குப் பிறகு எடுத்தால் வேலை தாமதமாகும். தூண்டுதல் இல்லாமல் மாத்திரை தானாக எதுவும் செய்யாது. ஒன்றிரண்டு முறை பார்த்துவிட்டு "வேலை செய்யல" என்று விட்டுவிடுவது அவசரம். ஆனால் நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட், நிக்கோராண்டில் சாப்பிடுபவர் இந்த வகையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக இறங்கும். சிறுநீருக்கு டாம்சுலோசின் எடுப்பவர் டாக்டரிடம் சொல்லிக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்ட் சுவர் போஸ்டர் லேகியத்துக்கும் இதே எச்சரிக்கை. சொல்லாமல் சில்டெனாஃபில் கலந்த 'மூலிகை' சரக்கு சந்தையில் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் ஊசியை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது அதைவிட மோசம். கேன்சர் டாக்டர் பிஎஸ்ஏவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய மருந்து அது.