நூலக வரிக்காகத்தான் கவுன்சிலருக்கு நின்னேன்

நாம கட்டுற சொத்து வரியோட ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேத்துத்தான் வாங்குறாங்க. 1948ல வந்த பொது நூலகச் சட்டப்படி அதை நகராட்சி வசூல் பண்ணி மாவட்டத்து நூலகங்களை நடத்துற மாவட்ட நூலக ஆணைக்குழுகிட்ட குடுக்கணும். நான் நூலகரா இருந்த காலம் பூரா எங்க ஊர்ல அது ஒழுங்கா போய்ச் சேரல, கேட்டா பாக்கலாம்பாங்க. பக்கத்துல செட்டிநாட்டுக் கோட்டையூர்ல ரோஜா முத்தையாங்கிறவர் ஒரு வீடு நெறைய புத்தகம் சேத்து வச்ச மண்ணு இது, இங்க பிள்ளைங்க உக்காந்து படிக்க நாற்காலி இல்லன்னா மனசு கொதிக்காதா? அரசு வேலையில இருந்துக்கிட்டு நிக்க முடியாது, அதனால ரிட்டையர் ஆனப்புறம் 2022 நகராட்சித் தேர்தல்ல சுயேச்சையா நின்னேன்.

மனு தாக்கல் ஜனவரி 28லருந்து பிப்ரவரி 4 வரைக்கும். ஃபாரம், டெபாசிட், நோட்டரி கையெழுத்தோட சொத்து விவரப் பத்திரம், என் பேரும் முன்மொழியிறவர் பேரும் வாக்காளர் பட்டியல்ல எந்த பாகம் எந்த வரிசை எண்ணுன்னு எல்லாம் எழுதணும், வரி பாக்கி இருந்தா சிக்கல்னு ரசீதையும் கையோட கொண்டு போனேன். பரிசீலனை 5ம் தேதி முடிஞ்சு, வாபஸ் நாளான 7ம் தேதிக்கப்புறம்தான் சுயேச்சைக்கு சின்னம். அதுவரை நோட்டீஸ் அடிக்க முடியாது, 17ம் தேதி சாயங்காலம் பிரச்சாரமும் முடிஞ்சிரும்.

இங்க பெரிய வீடெல்லாம் பூட்டிக் கெடக்கும், சொந்தக்காரங்க சென்னையிலயோ மலேசியாவுலயோ இருப்பாங்க, ஓட்டு இருக்குறது பின்தெருவுல வாடகை வீட்டுலதான். நோட்டீஸ்ல எழுத்தைப் பெருசா போட்டு, முகப்புத் திண்ணையில பொம்பளைங்களை உக்கார வச்சு அவங்களையே வாசிக்கச் சொன்னேன், வரி ரசீதையும் காட்டுனேன். தொண்ணூறுகள்ல அறிவொளி இயக்கத்துல எங்கிட்ட எழுத்து படிச்ச ஒரு அம்மா, "சின்னம் எதுக்கு டீச்சரம்மா, ஒங்க பேரைப் படிச்சே அமுக்கிருவேன்"னாங்க. அங்கயே எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

22ம் தேதி எண்ணுனாங்க, கொஞ்ச ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சேன். செலவுக் கணக்கையும் 30 நாளுக்குள்ள குடுத்துறணும், ஜெயிச்சாலும் தோத்தாலும்.

மன்றத்துல என் முதல் கேள்வி நூலக வரி எவ்வளவு வசூலாச்சு, எவ்வளவு போச்சுங்கிறதுதான். எழுத்துல பதில் வாங்கிட்டேன், பாக்கி நெறைய இருக்கு, இப்ப தவணையா கட்டுறாங்க. ஒவ்வொரு கூட்டத்துலயும் ரசீதைக் கேக்குறேன். உங்க ஊர்லயும் கவுன்சிலரைக் கேக்கச் சொல்லுங்க, இல்லன்னா தகவல் உரிமைச் சட்டத்துல நீங்களே மனு போடுங்க.