ஆரஞ்சு கிரேயான்

"கறுப்புப் பெட்டிக்கு எதுக்குப்பா ஆரஞ்சு கலர்?"

மகன் வரைந்த விமானத்தின் வாலில் குட்டியாக ஒரு கறுப்புச் சதுரம். இடிபாடுகளுக்கு நடுவே சட்டென்று கண்ணில் பட வேண்டுமே, அதற்குத்தான் என்றேன். கறுப்பின் மேலேயே ஆரஞ்சை அழுத்தித் தேய்த்தான்.

விமானத்தில் நடப்பதையெல்லாம் பதிந்து வைக்கும் பெட்டி அது; 1,100 டிகிரி செல்சியஸ் தீயில் ஒரு மணி நேரம் தாங்கும். தண்ணீரில் விழுந்தால் விநாடிக்கு ஒருமுறை ஒலியெழுப்பித் தன்னைத் தேடி வருபவர்களைக் கூப்பிடும்.

2009-ல் ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் போனார்கள். பெட்டியின் ஒலி எப்போதோ அடங்கிவிட்டது. ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து அதை எடுத்தார்கள். பதிவுகள் அப்படியே இருந்தன! வேகம் அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்த பிறகு விமானிகள் எப்படித் தடுமாறினார்கள் என்பது அதிலிருந்துதான் முழுசாகத் தெரிந்தது.

எனக்கு மனசை விட்டுப் போகாதவர் டேவிட் வாரன். விமானிகளின் குரலையும் கருவிகளின் அளவுகளையும் சேர்த்துப் பதியும் பெட்டியை 1950களில் மெல்போர்னில் உருவாக்கிய ஆஸ்திரேலியர்.

1934-ல் அவருடைய அப்பா போன விமானம் ஆஸ்திரேலியாவின் தெற்கே, பாஸ் நீரிணையில் மறைந்தது. ஏன் விழுந்தது என்று கடைசிவரை உறுதியாகத் தெரியவில்லை. அப்போது டேவிட்டுக்கு ஒன்பது வயது. அப்பா கடைசியாகக் கொடுத்த பரிசு ஒரு கிரிஸ்டல் ரேடியோ. பையனுக்கு மின்னணுவியலில் ஆசை பிறந்தது அதிலிருந்துதான்.

என் மகனுக்கும் ஒன்பது வயது.

"அந்த அப்பாவோட பிளேன்ல இந்தப் பெட்டி இருந்துச்சா?"

"இல்லடா கண்ணா. அப்போ யாரும் செஞ்சிருக்கல."

கிரேயானைக் கீழே வைக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.