எருசலேமில் இரண்டு தோட்டங்கள்

எருசலேமுக்குப் போகிற யாரும், சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தைத் தவறவிடுவதில்லை. ஒலிவமலை அடிவாரத்தில், 1924-இல் கட்டி முடித்த சகல தேசத்தாரின் ஆலயத்தை ஒட்டி, இரும்பு வேலிக்குள் எட்டு ஒலிவ மரங்கள். அடிமரம் நடுவில் பொந்து விழுந்து, முண்டும் முடிச்சுமாகப் பருத்துக் கிடக்கிறது. அதே மரத்தின் உச்சியில் நேற்று முளைத்ததுபோலத் தளிர். 2012-இல் வெளியான ஆய்வில், பரிசோதித்த மூன்று மரங்களின் அடிமரம் சுமார் 900 வருஷப் பழசு என்று தெரியவந்தது. அதைவிட என்னை நிறுத்தி வைத்த விஷயம் இன்னொன்று. எட்டு மரங்களுக்கும் மரபணு ஒன்றேதான். அப்படியென்றால் ஏதோ ஒரு தாய்மரத்திலிருந்து கிளை வெட்டி, பார்த்துப் பார்த்து யாரோ நட்டிருக்கிறார்கள், தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அவர் பெயர் எங்கும் இல்லை. இன்று உலகமெங்கும் இருந்து வருகிறவர்கள் அவர் நட்ட மரத்தின் முன்னால்தான் கண்ணீரோடு ஜெபிக்கிறார்கள்.

ஊழியம் என்றால் நமக்கு உடனே பிரசங்கமும் பாட்டும்தான் ஞாபகம் வருகிறது. மண் கொத்துகிறவரையும் ஊழியக்காரர் என்று மனதாரச் சொல்ல வேண்டும் என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. ஆதாமுக்குக் கொடுத்த முதல் வேலையே ஏதேனைப் பண்படுத்திக் காப்பதுதானே.

அப்புறம் பழைய நகரத்தின் தமஸ்கு வாசலுக்கு வெளியே இருக்கும் தோட்டக் கல்லறை. இயேசுவை இங்கேதான் அடக்கம்பண்ணினார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். இயேசுவை அடக்கம்பண்ணிய இடம் பரிசுத்த கல்லறை ஆலயம்தான் என்பது பழைய பாரம்பரியம், அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. 1894-இல் தொடங்கிய ஒரு சங்கம் இந்த இடத்தைப் பராமரிக்கிறது, தன்னார்வலர்களும் வந்து உழைக்கிறார்கள். பாறையில் வெட்டிய கல்லறையைப் பார்க்க எல்லோரும் வரிசையில் நின்றபோது, பாதையோரப் பாத்தியில் ஒருவர் முழங்கால் போட்டு, காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை, அவரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

யோவான் 20-ஐ அங்கே உட்கார்ந்து வாசித்தோம். இருட்டோடு வந்த மகதலேனா மரியாள் உயிர்த்த இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்துக்கொள்கிறாள். விடியற்காலையில் தோட்டத்தில் வேறு யார் இருப்பார்கள்? ஆண்டவரும் அந்த நினைப்புக்காக அவளைக் கடிந்துகொள்ளவில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். தோட்டக்காரர் என்று எண்ணப்பட்டதை அவர் இழிவாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நான் நம்புகிறேன். என் பிதா திராட்சத்தோட்டக்காரர் என்று சொன்னவர் அல்லவா அவர்! கனியில்லாத அத்திமரத்தை வெட்டச் சொன்ன எஜமானிடம், இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிக் கொத்தி எருப் போடுகிறேன் என்று மன்றாடுகிறவனும் அவர் சொன்ன உவமையில் ஒரு தோட்டக்காரன்தான்.

எருசலேம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் இந்த இரண்டு இடத்திலும் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி உட்காருங்கள். உங்கள் ஜெபக் குறிப்பில் அங்கே களை பிடுங்குகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.