பதில் சொல்ல வேண்டியவர் சபையில் இல்லை

எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் ஜனாதிபதியை விமர்சித்தார் என்பது எங்கள் தொழிலில் செய்தியே இல்லை. ஒவ்வொரு அமர்விலும் நடப்பதுதான். எதைக் கையில் வைத்துக்கொண்டு விமர்சித்தார், அதற்கு யார் எழுந்து பதில் சொன்னார் என்று பார்த்தால்தான் செய்தி கிடைக்கும். கொழும்பில் தமிழ்த் தினசரி ஒன்றுக்கு நான் பாராளுமன்றச் செய்தி எழுதத் தொடங்கியபோது எங்கள் செய்தி ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் கொண்டுபோய் வைக்கும் தாளைப் படிக்கும் முன்பே கேட்பார்: "தம்பி, உவர் ஆளைப் பேசினவரோ, அலுவலைப் பேசினவரோ?" ஆளைப் பேசியிருந்தால் உள்பக்கத்தில் ஒரு பத்தி. அலுவலைப் பேசியிருந்தால் விளம்பரத்தையாவது நகர்த்தி இடம் தேடுவார்.

தியவன்னா ஓயாவின் நடுவே இருக்கும் பாராளுமன்றக் கட்டடத்தில், மேலே உள்ள ஊடகக் கலரியில் உட்கார்ந்தால் சபாநாயகரின் வலப்பக்கம் ஆளுங்கட்சி, இடப்பக்கம் எதிரணி. மொத்தம் 225 பேர். இவர்கள் நாள் முழுக்க யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் அந்த 225 பேரில் ஒருவரல்லர். 1978 அரசியலமைப்பு ஜனாதிபதியைப் பாராளுமன்றத்துக்கு வெளியே வைத்தது. அவர் வரலாம், உரையாற்றலாம், போகலாம். பாராளுமன்றத்துக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர் என்று அதே அரசியலமைப்பு எழுதியும் வைத்திருக்கிறது. ஆனால் தனியான பிரேரணை ஒன்றைக் கொண்டுவராமல் அவருடைய நடத்தையைச் சபையில் விவாதிக்க, சபையின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகள் இடம் தருவதில்லை. ஆகவே எதிரணி எம்.பி. "கௌரவ சபாநாயகர் அவர்களே" என்று தொடங்கி, அங்கே இல்லாத ஒருவரிடம் கேட்க வேண்டியதை, தீர்மானம் எடுக்காத ஓர் அமைச்சரிடம் கேட்பார். அமைச்சர் எழுந்து, தான் எடுக்காத தீர்மானத்துக்கு வக்காலத்து வாங்குவார். இதைச் செய்தியாக்குவது என் வேலை.

யுத்த காலத்தில் இந்த ஏற்பாடு மிகத் துலக்கமாகத் தெரிந்தது. அவசரகாலச் சட்டத்தை நீடிக்க ஒவ்வொரு மாதமும் சபையின் அனுமதி வேண்டும். பிரதமர் ரத்னசிறி விக்ரமநாயக்க பிரேரணையை முன்வைத்து, கடந்த மாதத்தில் எத்தனை படையினர் இறந்தார்கள், எத்தனை பேர் காயமடைந்தார்கள் என்று வாசிப்பார். பின்னர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் எழும்பித் தங்கள் பட்டியலை வாசிப்பார்கள். கடத்தப்பட்டவர்கள், காணாமல்போனவர்கள், செல் விழுந்த ஊர்கள், திறக்கப்படாத பாதைகள். பாதுகாப்பு அமைச்சு மகிந்த ராஜபக்ஷவிடம். ஆனால் அவர் ஜனாதிபதி என்பதால் சபையில் அவருக்கு ஆசனம் இல்லை. பிரதமர் குறிப்பெடுத்துக்கொள்வார். வாக்கெடுப்பு நடக்கும், பிரேரணை நிறைவேறும், அடுத்த மாதம் இன்னொரு பட்டியல் வரும். 2011 ஆகஸ்டில் அந்தச் சட்டம் காலாவதியாக விடப்படும்வரை இதுவே நடைமுறை.

அந்தப் பட்டியல்களை முழுதாகப் போட வேண்டுமா என்று அலுவலகத்தில் வாதம் நடக்கும். பக்க வடிவமைப்பாளருக்கு அது வெறும் பெயர் நிரை, வாசகன் தாண்டிப் போய்விடுவான் என்பார். செய்தி ஆசிரியர் விடமாட்டார். "அந்தப் பேரைத் தேடுற தாய்க்கு இதுதான் முதல் பக்கம்" என்பார். அவர் சொன்னதே சரி. உரையில் இருந்த உவமைகளையும் ஆவேசத்தையும் வெட்டினோம், பெயர்களை வெட்டவில்லை. பின்னாளில் சபை உரைகளின் பதிவான ஹன்சார்ட்டைப் புரட்டும்போதெல்லாம் பார்க்கிறேன், அன்றைய உரைகளில் இன்றைக்கும் பயன்படுவது அந்தப் பெயர்களும் திகதிகளும்தான்.

பேசியதற்கான விலையும் அப்போது வேறு. நடராஜா ரவிராஜ் சிங்களத் தொலைக்காட்சிகளில் சிங்களத்திலேயே வாதாடக்கூடியவர். தமிழ் எம்.பி.க்கள் தமிழருக்கும் வெளிநாட்டுத் தூதுவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் தெற்கின் வரவேற்பறைக்குள் கொண்டுபோனார். 2006 நவம்பர் 10ஆம் திகதி கொழும்பில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டு நத்தார் வேளையில் மட்டக்களப்புத் தேவாலயத்துக்குள் ஜோசப் பரராஜசிங்கம். 2008 புத்தாண்டு தினத்தில் கொழும்பு பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் தியாகராஜா மகேஸ்வரன். மூவரும் எம்.பி.க்கள். எதிரணி வரிசையிலிருந்து ஒருவர் ஜனாதிபதியின் கொள்கையை விமர்சிக்கும்போது, இன்றைய இளம் நிருபர்கள் "வழக்கமான பேச்சு" என்று சலித்துக்கொள்கிறார்கள். அந்த வழக்கம் இலகுவாக வந்ததல்ல என்று எனக்குச் சொல்லத் தோன்றும். சொல்லுவதில்லை, வயதானவர் புலம்பல் ஆகிவிடும்.

சபைக்குள் பேசுவதற்கும் வெளியே பேசுவதற்கும் இடையிலுள்ள கோடு எங்களுக்கு அன்றாடப் பிரச்சினை. சபைக்குள் சொன்னதற்காக எம்.பி.யை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. 1953ஆம் ஆண்டின் பாராளுமன்ற அதிகாரங்கள், சிறப்புரிமைகள் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. அதனால்தான் ஆளுந்தரப்பு எப்போதும் "முடிந்தால் வெளியே போய்ச் சொல்லுங்கள்" என்று சவால் விடும். சொல்ல முடிந்தவர்கள் மறுநாளே ஊடகச் சந்திப்பில் அதே ஆவணத்தோடு வந்து உட்காருவார்கள். மற்றவர்கள் வெளியே வந்ததும் பெயரை விழுங்கி, "உயர்மட்டத்தில் உள்ள ஒருவர்" என்பார்கள். உரை முடிந்தபின் வராந்தாவில் நின்று எம்.பி. என்ன சொல்கிறார் என்று கவனித்தாலே, அவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்று ஓரளவு கணிக்கலாம். எங்களுக்கும் அதே கோடுதான். சபையில் நடந்ததை நேர்மையாக அறிக்கையிட்டால் சட்டம் காக்கும். சபாநாயகர் ஹன்சார்டிலிருந்து நீக்கச் சொன்னதைப் பிரசுரித்தால் காக்காது.

இனிப் பசளை. என் தொழில் வாழ்க்கையில் எதிரணியின் விமர்சனம் ஒன்று சொன்னபடியே பலித்ததை நேரே பார்த்தது இதில்தான்.

2021 மே மாதம் அரசிதழான வர்த்தமானியில் அறிவிப்பு வந்தது. இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதிக்குத் தடை. நாடு முழுக்க இயற்கை உரமான சேதனப் பசளைக்கு மாற வேண்டும். எதிரணியில் பலரும் கத்தினார்கள். ஆனால் ஒரே ஒரு வாதம்தான் ஆணியடித்ததுபோல் நின்றது. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ 2019 தேர்தலுக்கு வெளியிட்ட கொள்கைப் பிரகடனத்திலேயே இந்த மாற்றத்துக்குப் பத்து ஆண்டு என்றுதான் எழுதியிருந்தது. பத்து ஆண்டில் செய்வதாக மக்களிடம் வாக்குக் கேட்டுவிட்டு ஏன் ஒரே போகத்தில் செய்கிறீர்கள்? சேதன விவசாயம் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கே இதில் இடமில்லை. அவருடைய தாளை எடுத்து அவரிடமே நீட்டும் கேள்வி. விவசாய அமைச்சர் மகிந்தானந்த அளுத்கமகே எழுந்து எழுந்து பதில் சொன்னார். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

அந்த நாட்களில் கிளிநொச்சியிலிருந்து ஒரு விவசாயி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர். "தம்பி, பேப்பரிலை பாத்தனான். நல்லாத்தான் கதைச்சிருக்கினம். ஜனாதிபதிக்குக் கேட்டதோ?" என்றார். தெரியாது ஐயா என்றேன். "அப்ப ஆருக்குத் தம்பி கதைக்கினம்?" என்றார். பெரும்போகம் விதைக்க இன்னும் சில கிழமைகள் இருந்தன. என்னிடம் பதில் இல்லை. பாராளுமன்றச் செய்தியாளர் என்று சொல்லிக்கொள்பவனிடம் கேட்கக்கூடிய மிக நியாயமான கேள்வி அது.

பிறகு நடந்தது நாட்டுக்கே தெரியும். சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையில் தீங்கான பற்றீரியா இருப்பதாகக் கூறி, 20,000 தொன் கப்பலை இறக்க விடவில்லை. இறக்காத அந்தப் பசளைக்காக 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டி வந்தது. 2021 நவம்பரிலேயே தடையைத் தளர்த்தியிருந்தார்கள். அதற்குள் பெரும்போகம் பொய்த்துவிட்டது. 2022 ஏப்ரல் 18ஆம் திகதி புதிய அமைச்சரவை பதவியேற்றபோது ஜனாதிபதி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார்: பசளைத் தீர்மானம் தவறு, சர்வதேச நாணய நிதியத்திடம் முன்னதாகவே போயிருக்க வேண்டும். நிதியத்திடம் போகும்படி எதிரணி எம்.பி. ஹர்ஷ டி சில்வா போன்றவர்கள் சபையில் தொண்டை கிழியச் சொன்னது கலரியில் இருந்த எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. சபையில் கேட்ட கேள்விக்குப் பதில் கிட்டத்தட்ட ஒரு வருடம் பிந்தி, சபைக்கு வெளியே, தெருவில் மக்கள் திரண்ட பிறகு வந்தது.

அடுத்த மாதம், மே 17. "கோட்டா கோ ஹோம்" என்ற கோஷம் கொழும்பு காலிமுகத்திடலில் ஒரு மாதத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மகிந்த பிரதமர் பதவியை விட்டுப் போய் ஒரு கிழமைதான். அன்றைக்குத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி. எம்.ஏ. சுமந்திரன், ஜனாதிபதி மீது சபையின் அதிருப்தியைத் தெரிவிக்கும் பிரேரணையை உடனே எடுத்துக்கொள்வதற்காக நிலையியற் கட்டளைகளை இடைநிறுத்தக் கோரினார். ஜனாதிபதி போக வேண்டுமா என்பதற்கான வாக்கெடுப்பு அல்ல அது. அவரைப் பற்றி அன்றைக்குப் பேசலாமா என்பதற்கான வாக்கெடுப்பு. ஆதரவாக 68, எதிராக 119. பேசுவதற்கே பெரும்பான்மை கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழியும் முன்னர் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். அவர் நாட்டை விட்டுப் போய் அங்கிருந்து இராஜினாமாவை அனுப்பினார். அந்த 119ஐ நான் அடிக்கடி நினைப்பேன். பாராளுமன்றம் தன் வேலையைச் செய்யாமல் விட்டதை இவ்வளவு சுத்தமாக ஓர் எண்ணில் காட்டிய நாள் வேறு இருக்கிறதா தெரியவில்லை.

எதிரணியைப் புனிதப்படுத்தவும் எனக்கு மனமில்லை. 2020 அக்டோபர் 22இல் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது, எதிராக 65. ஜனாதிபதியின் கையில் அதிகாரத்தை மறுபடி குவித்த திருத்தம். கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை வலுக்கட்டாயமாக எரித்துக்கொண்டிருந்த நேரம் அது. அதே சபையில், எதிரணி வரிசையில் உட்கார்ந்திருந்த முஸ்லிம் எம்.பி.க்கள் சிலர் அந்தத் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அடக்கம் செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது 2021 பெப்ரவரி இறுதியில். இடைப்பட்ட மாதங்களில் வந்த கண்டன உரைகளை எழுதும்போதெல்லாம் பேசியவர் எப்படி வாக்களித்தார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன். சில எம்.பி.க்களின் செயலாளர்கள் தொலைபேசியில் சண்டை பிடித்தார்கள். வாக்களித்த பட்டியல் ஹன்சார்டில் இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

இப்போது வரிசை மாறிவிட்டது. 2022 ஜூலையில் பாராளுமன்றம் ஜனாதிபதியைத் தெரிவு செய்தபோது ரணில் விக்ரமசிங்கவுக்கு 134, டளஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. அந்த மூன்று வாக்குக்காரர் 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியானார். நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை எடுத்தது. எதிரணியில் இருந்தபோது கோப்புகளோடு வந்து, பக்க எண் சொல்லிப் பேசியவர் அவர். எங்கள் பழைய செய்தி ஆசிரியரின் அளவுகோலில் அலுவலைப் பேசிய ஆள். இன்றைக்கு எதிரணி அவரிடம் கேட்பது அவர் முன்பு மற்றவர்களிடம் கேட்டதைத்தான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எப்போது நீக்குவீர்கள்? மாகாண சபைத் தேர்தல் எப்போது? நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாகச் சொன்னீர்களே? கடைசிக் கேள்வி 1994இல் சந்திரிகா குமாரதுங்க வாக்குறுதி கொடுத்த நாளிலிருந்து சபையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்பவர்களில் சிலர் ஆட்சியில் இருந்தபோது அதே கேள்விக்கு மழுப்பியவர்கள். அதனால் கேள்வி பிழையாகிவிடாது. கேட்பவரின் பழைய வாக்குமூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பிரசுரித்தால் போதும்.

ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். நிதி அமைச்சும் அவரிடமே இருப்பதால் 2025 பெப்ரவரி 17ஆம் திகதி வரவு செலவுத் திட்டத்தை அவரே வந்து சமர்ப்பித்தார். மகிந்தவும் ரணிலும்கூட அப்படிச் செய்தவர்கள்தான். விமர்சிக்கப்படுபவர் எதிரே உட்கார்ந்திருக்கும் நாட்களில் எதிரணி உரைகளின் தரம் கூடுகிறது. இது என் கணிப்பு, எண்ணிக்கை எதுவும் கையில் இல்லை. வெற்று ஆசனத்தைத் திட்டுவது சுலபம். குறுக்கிட்டு எண்ணைக் கேட்கக்கூடிய ஆளின் முன்னால் திட்டுவதற்கு வீட்டுப்பாடம் வேண்டும். மற்ற நாட்களில் பல எம்.பி.க்கள் பேசுவது சபாநாயகரிடம்கூட இல்லை. உரையில் இரண்டு நிமிடம் பேஸ்புக்குக்காகவே வெட்டியெடுக்க வசதியாகக் கத்துகிறார்கள். அந்தத் துண்டு நான் அலுவலகம் போய்ச் சேரும் முன்பே ஊர் சுற்றிவிடும். துண்டில் வராத மீதி எட்டு நிமிடத்தில் ஒரு சுற்றறிக்கை இலக்கமோ கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையில் ஒரு பந்தியோ இருந்தால் அதைத் தேடி எடுப்பதுதான் இப்போது எனக்கு மிச்சமிருக்கும் வேலை.

கிளிநொச்சி ஐயாவின் தொலைபேசிக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஜனாதிபதியின் கொள்கை மீதான விமர்சனம் எதை எழுதினாலும் கடைசி வரியில், இதற்குப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சு எது, சபையில் பதில் வந்ததா இல்லையா என்று சேர்த்துவிடுவேன். பக்கம் கட்டுபவர் இடமில்லை என்று முதலில் வெட்டுவதும் அந்த வரியைத்தான். வெட்டாத நாட்களில், சம்பந்தப்பட்ட அமைச்சின் ஊடகப் பிரிவிலிருந்து மறுநாள் காலை பத்து மணிக்குள் யாராவது அழைத்துவிடுவார்கள்.