டொல்பின் வானும் தைப் பனியும்

யாழ்ப்பாணத்தில் வான் வண்டிக்குள் படுத்து எழும்புகிறவர்கள் இரண்டு வகை. திருவிழாவுக்குத் திருவிழா கச்சான் கடை கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. விடியக்காலையில் பூநாரை பார்க்க வேண்டும் என்று மண்டைதீவிலும் தொண்டைமானாற்றிலும் வண்டியை நிறுத்திவிட்டுக் கிடக்கிற என்னைப் போன்ற பைத்தியங்கள் மற்ற வகை. பூநாரைகள் நிற்கிற மார்கழி, தை, மாசியில்தான் வான் உள்ளுக்குள் நனைவதும். என்னுடையது பழைய டொயோட்டா டொல்பின் வான். பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் போட்டிருக்கிறேன். கூட வருவது மச்சான். குறட்டையும் அவனோடு வரும்.

மழை இரவில்தான் உள்ளே சொட்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முகில் மூடிக் கிடக்கிற இரவில் கூரையின் உட்பக்கம் அவ்வளவாக நனையாது. வானம் வெளித்து, வாடைக்காற்றும் ஓய்ந்துபோன இரவில்தான் விடியப்புறம் நெற்றியில் விழும். கூரைத் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியிருக்கிற காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. முகில் இருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். டொல்பின் கூரை எந்த மூலைக்கு? டோர்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்: முதலில் தகரம் முழுவதும் மங்கலாக வேர்க்கும், அப்புறம் அது குறுக்குச் சட்டத்தின் ஓரமாக ஓடி ஓர் ஆணித்தலையில் போய்த் திரளும். விழும்போது கறளையும் கழுவிக்கொண்டு விழுவதால் வெள்ளைப் படுக்கை விரிப்பில் தேத்தண்ணி நிறத்தில் வட்டம் விழும். அந்தக் கறை போகாது.

கனடாவில் இருக்கிற சித்தப்பாவின் மகன் ஆர்.வி. ஒன்று, அதாவது உள்ளே தங்கிப் பயணம் போகிற பெரிய வண்டி, வைத்திருக்கிறான். அவனிடம் கேட்டபோது, "அண்ணை, மேல் வென்றைக் கொஞ்சம் திறந்துவிட்டு ஹீற்றரைப் போடுங்கோ, எல்லாம் காஞ்சிடும்" என்றான். அங்கே அது முழுக்கச் சரி. பூச்சியம் பாகையில் ஒரு கனமீற்றர் காற்றால் 5 கிராம் நீராவியைக்கூடத் தாங்க முடியாது. அந்த வறண்ட காற்றை உள்ளே எடுத்துச் சூடாக்கினால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியே போகும். எங்கள் இரவு 24 பாகை. அந்தச் சூட்டில் ஒரு கனமீற்றருக்கு ஏறக்குறைய 22 கிராம் கொள்ளும். கடற்கரையில் விடியப்புறம் அது கிட்டத்தட்ட நிறைந்தே இருக்கும். கண்ணாடியைத் திறந்தால் வருவது நனைந்த காற்றுத்தான்.

அதற்காக இறுக்கி மூடிக்கொண்டு படுக்கவும் கூடாது. இரண்டு பேர் ஓர் இரவில் மூச்சாலும் வேர்வையாலும் அரை லீற்றருக்கு மேல் தண்ணீரை உள்ளே விடுகிறார்கள். அது வெளியே போகத்தான் எதிரெதிர்க் கண்ணாடிகள் இரண்டை விரலளவு இறக்கி நுளம்புவலை கட்டுகிறேன். சமையல் முழுக்க வெளியில். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோ அளவு நீராவி வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, மூடின வானுக்குள் அடுப்பு எரித்தால் நச்சுவாயு. தேத்தண்ணிக்குப் பிளாஸ்க் போதும்.

ஈரம் உண்மையில் போவது பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில். வெயிலில் நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்து, மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வைக்க வேண்டும். மூடி வைத்துக் காயவிட்டால் மெத்தையிலிருந்து கிளம்பின ஈரம் உள்ளேயே நின்று இரவு திரும்பவும் தகரத்தில் ஏறும். பொழுதுபட முன்னமே சாத்திவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் விடாமல் மழை என்றால் இதெல்லாம் நடக்காது; அப்போது சொட்டு இல்லை, பூஞ்சணம்தான். மெத்தையின் அடிப்பக்கத்தில் முதலில் வரும். கட்டிலை இடைவெளி விட்ட சட்டங்களாக மாற்றிய பிறகு அது நன்றாகக் குறைந்தது.

கூரைத் தகரம் உள்ளே வேர்க்காமல் இருக்க, ஹாட்வெயார் கடைகளில் விற்கிற அலுமினியத்தாள் ஒட்டின போம் சீற் போதும். ஆனால் ரிங்கரிங் (வாகனத் தகர வேலை) செய்கிற அண்ணர் சொன்னதைக் கேட்டேன்: "தம்பி, இடைவெளி விட்டு ஒட்டாதேங்கோ. தண்ணி அதுக்குள்ளை நிண்டு தகரம் கறள் பிடிச்சுக் கொட்டும்." கடற்கரை உப்புக்காற்றில் அது இன்னும் கெதியாக நடக்கும். அதனால் சுத்தமாகத் துடைத்து, கறள்தடுப்புப் பூச்சு அடித்து, காற்று புகாமல் அழுத்தி ஒட்டினோம். குறுக்குச் சட்டங்களையும் மறைக்க வேண்டும், சொட்டு அங்கேதான் திரளும்.

கிண்ணத்தில் உப்பு வைத்தால் ஈரத்தை இழுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பே கரைந்து தண்ணீராகும். மாரியில் ஆனையிறவு உப்புப் போத்தலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சிலிக்கா ஜெல் வேலை செய்யும், ஆனால் வானுக்கல்ல. இறுக்கி மூடுகிற பிளாஸ்ரிக் பெட்டிக்குள் கமராவோடு போடுங்கள். லென்சுக்குள் பூஞ்சணம் வந்தால் சிலந்திவலைபோலப் படரும், துடைத்தும் முழுதாகப் போகாது.

விடிய வண்டியை எடுக்கும்போது முன் கண்ணாடி புகைந்திருந்தால் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று முதலில் விரலால் தடவிப் பாருங்கள். உள்பக்கம் என்றால் ஏசியைப் போட்டுக் கண்ணாடிக்குத் திருப்பினால் நிமிடத்தில் வெளிக்கும். அதே ஏசியைக் கூட்டிக்கொண்டே போனால் கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கம் புகையும், அப்புறம் வைப்பர்தான். கமராவை அந்த ஏசிக் காற்றுப் படாமல் பின்னால் பெட்டியோடு விட்டுவிடுங்கள். குளிர்ந்த லென்சை வெளியே எடுத்தால் புகை கலைய அரை மணித்தியாலம் பிடிக்கலாம். பூநாரை அதுவரை நிற்குமா என்பதை மச்சான்தான் சொல்லவேண்டும், அவன்தான் எப்போதும் கத்திக் கலைக்கிறவன்.