அட்டைச்சீட்டின் பின்புறம்

அலமாரியைத் துப்புரவு செய்தபோது, அப்பாவின் பழைய தகரப்பெட்டிக்குள் இலங்கை மலைநாட்டின் நானுஓயாவிலிருந்து தெமோதரைக்கு எடுத்த தடித்த அட்டை ரயில் பயணச்சீட்டு ஒன்று அகப்பட்டது.

பின்புறத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "பனிமூட்டம். பாலம் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது."

எல்ல என்ற ஊருக்கு அருகே 1921 இல் கட்டிமுடிக்கப்பட்ட அந்த ஒன்பது வளைவு ரயில் பாலத்தை நான் நூறு தடவைக்கு மேல் கைப்பேசியில் படமெடுத்திருக்கிறேன். ஆனால் அன்று பக்கத்தில் யார் நின்றார்கள், என்ன பேசினோம் என்பதை அவற்றில் ஒரு படமேனும் எனக்குச் சொல்லவில்லை.

அப்பாவின் மூன்று வரிகளிலோ, காணாத பாலத்துக்காக யன்னலில் கன்னம் பதித்துக் காத்திருந்த அவரையே கண்டேன்.

இன்றிரவு மகளோடு அமர்ந்து, படங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

முதலாவது: "எல்ல. மழை. அம்மா கட்டித் தந்த ரொட்டி இன்னும் சூடாக இருந்தது."